முப்பத்தொரு பெருவிரல்களும் ஒரு குண்டூசியும்

சென்ற மாதம் ஒருநாள் சுபா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு பழைய உறை. ஏதோ சொல்லத் தயங்குகிறாள் என்று நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, உங்கட பேர் இதிலை கிடக்கு."

"கிடந்தால் நல்லதுதானே."

"இல்லையண்ணா, நல்லமாதிரி இல்லை. நீங்கள் ஒரு பிழை விட்டதெண்டு எழுதி, கீழை நீங்களே சைன் வைச்சிருக்கிறியள். நான் ரைப் பண்ணேக்கை அதை ஸ்கிப் பண்ணிவிடுறன், ஓகேயா? ஒருத்தருக்கும் தெரியாது."

எங்கள் ஆவணக் காப்பகம் ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. இறந்தவர்கள் விட்டுப்போன கடிதங்கள், நாட்குறிப்புகள், படங்களைப் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கும் இடம். சுபா பல்கலைக்கழக மாணவி. கோடை விடுமுறைக்கு வந்து, நாங்கள் இத்தனை வருடமாகப் பென்சிலால் எழுதிவைத்த பட்டியல்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

"அதை விடாதை, பிள்ளை," என்றேன். "ஏன் விடக்கூடாதெண்டு எழுதித் தாறன். வாசிச்சுப்போட்டு ரைப் பண்ணு."

அப்படித் தொடங்கியதுதான் இது. வழக்கமாக ஓய்வு பெறுகிறவர்கள்தான் தங்கள் வேலையைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. ஆனால் காப்பக உதவியாளன் என்ற இந்த வேலையில் இருந்து எனக்கு இந்தக் கோடையோடு ஓய்வுதான். செப்ரெம்பரில் முறையாக இந்தத் துறையைப் படிக்கப் போகிறேன். எங்கள் கட்டடத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்குகிற சிவம் அண்ணை, "முப்பத்திரண்டு வயசிலை பென்சன் எடுக்கிற ஒரே யாழ்ப்பாணத்தான் நீதான்ரா" என்று போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் பழகிய கதை நீளமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வராது. என் பள்ளிக்கூடப் படிவங்களில் அவர் பெருவிரலை ஊன்ற, பக்கத்தில் அவர் பெயரை நானே எழுதியிருக்கிறேன். பிறகு ஊரில் உதவி அரசாங்க அதிபர் அலுவலகத்தில் இரண்டு வருடம் எழுதுவினைஞர். காணிக் கடிதம் காணிக் கோப்பில், விண்ணப்பம் விண்ணப்பக் கோப்பில் என்று இனம் பிரித்துப் போடுவதில் என்னை அடிக்க ஆளில்லை. ரொறன்ரோவுக்கு வந்தபின் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். தொண்ணூற்று மூன்றில் இந்த வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் சரிவந்தால் நிரந்தரம்.

சரிவருமா இல்லையா என்று முடிவெடுப்பவர் மார்கரெட். காப்பகத்தின் பொறுப்பாளர், ஐம்பது வயதுப் பெண்மணி. இங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை, "மிஸ்" என்றே சொல்லிவந்தேன். அவர் யாரிடமும் முகம் பார்த்துப் பேசமாட்டார். கையில் இருக்கும் தாளைப் பார்த்தபடிதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் குறையும். மேசைக்கு வருமுன் கை கழுவவேண்டும், ஈரம் காயும்வரை நிற்கவேண்டும். பேனா எடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார். பென்சில்களைத் தானே சீவி, கூர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்க அடுக்கி வைத்திருப்பார்.

பழைய தாள்களில் துருவேறிக் கறள் பிடித்த குண்டூசிகள் இருக்கும். விட்டுவைத்தால் கறள் தாளைத் தின்றுவிடும், ஆகவே எடுக்கவேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த முறை மூன்று சொல்தான்: பார், எழுது, எடு. எந்தத் தாளும் எந்தத் தாளும் சேர்த்துக் குத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். அதைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறிக்கவேண்டும். அதன்பிறகுதான் ஊசியை எடுக்கலாம். "இறந்தவர் எந்த ஒழுங்கில் விட்டுப் போனாரோ, அந்த ஒழுங்கும் ஒரு சாட்சி. நமக்கு அழகாகத் தெரிகிற ஒழுங்கு சாட்சி இல்லை," என்பார்.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஏர்னஸ்ட் விக்கம் என்ற ஆங்கிலேயரின் பதினான்கு பெட்டிகள். சிவம் அண்ணை தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஆர்ரா உந்தக் கிழவன்? செத்தும் என்ரை நாரியை முறிக்கிறான்."

"ஆபிரிக்காவிலை மந்திரி மாதிரி இருந்தவராம் அண்ணை."

"அங்கையும் இதைத் தூக்கினது இவர் இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்."

விக்கம் பத்தொன்பது வயதில் கப்பலேறி, அப்போது வட றொடீசியா என்றிருந்த இன்றைய ஸாம்பியாவுக்குப் போனவர். சைக்கிளும் லாந்தரும் விற்றார். ரயில் பாதையோரம் கடை போட்டார். பிறகு ரயில் பாதைக்கு வேண்டிய சிலிப்பர் கட்டைகளுக்காக மரம் அரியும் ஆலை வைத்துப் பெரிய ஆளானார். வாக்கு வெள்ளையர்களிடம் இருந்த காலம். அவர்கள் அவரைச் சட்டம் இயற்றும் சட்டநிரூபண சபைக்கு உறுப்பினராக அனுப்பினார்கள். நாடு சுதந்திரம் அடைந்தபின் மகளோடு இருக்க ரொறன்ரோவுக்கு வந்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் காலமானார். மகள் எலினோர் பெட்டிகளை எங்களிடம் ஒப்படைத்தார்.

ஐந்து மாதம் அந்த மனிதரோடு இருந்தேன். தாய்க்கு ஒவ்வொரு ஞாயிறும் கடிதம் எழுதியிருக்கிறார், ஒரு வாரம் தவறவில்லை. அதே கடிதங்களில், ஆலையில் வேலை செய்த நாற்பது ஐம்பது வயது மனிதர்களைப் "பொடியன்" என்றே குறிப்பிட்டிருக்கிறார். கோப்பை கழுவிய இடத்தில் என்னையும் ஒருவன் அப்படித்தான் கூப்பிட்டான், அதனால் அந்தச் சொல் வரும்போதெல்லாம் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். சபையில் அவர் பேசியதெல்லாம் ரயில் கட்டணம், மரத்தின் விலை, பாலம். ஒன்றே ஒன்றுதான் வேறு மாதிரி. ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்ற பேச்சு. "ஓர் எழுத்தை அறியுமுன்னே இந்தப் பிள்ளைகள் அரியும் வாளின் பல்லை அறிந்துவிடுகிறார்கள்" என்று அதில் ஒரு வசனம். எலினோருக்கு அது மிகவும் பிடித்த வசனம். தகப்பனின் இறுதிச் சடங்கு அட்டையில் அதைத்தான் அச்சிட்டிருந்தார். கடைசிப் பெட்டியில் அந்த அட்டையும் இருந்தது.

ஒன்பதாவது பெட்டியில் ஒருநாள், பேச்சுக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு தாளின் பின்பக்கம் வேறு இரண்டு தாள்கள் குண்டூசியால் குத்தப்பட்டிருக்கக் கண்டேன். திருப்பினேன். தட்டச்சில் ஒரு மனு. திகதி இல்லை. இரண்டாவது தாளில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஊதா மையில் ஒரு பெருவிரல் அடையாளம். எண்ணினேன். முப்பத்தொன்று. சில விரல்கள் நடுங்கி இழுபட்டிருந்தன. ஒருவருக்குப் பெருவிரலின் நுனியே இல்லை. வாள் எடுத்திருக்கும்.

அப்பாவின் விரல்தான் நினைவுக்கு வந்தது. இந்த மனிதர்கள் இத்தனை வருடமாக ஒரு துரையின் பேச்சுக்கு அடியில், முகம் காட்டாமல், கறளில் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்களே என்று இருந்தது. அவர்களுக்கென்று தனியாக ஒரு மரியாதையான இடம் வேண்டும் என்று நினைத்தேன். ஊசியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். புதிய உறை ஒன்று எடுத்து, "தொழிலாளர் மனு" என்று என் மிக நல்ல எழுத்தில் எழுதி, பட்டியலில் முப்பத்தொரு பெயரையும் ஒன்றுவிடாமல் சேர்த்தேன். பேச்சுகளையெல்லாம் "பேச்சுகள்" என்று இன்னொரு உறையில் போட்டேன். அன்று முழுவதும் எனக்குப் பெரும் திருப்தி. பார்த்தேன், எடுத்தேன். நடுவில் எழுதவேண்டியதை எழுதவில்லை.

பட்டியல் அச்சாகி வெளியான சில நாட்களில் ஒருவர் வந்தார். பெயர் ம்வாலே, ஒஷாவாவில் பள்ளிக்கூட ஆசிரியர், ஸாம்பியாக்காரர். பட்டியலில் தன் தகப்பனின் பெயரைக் கண்டு ரயிலேறி வந்திருந்தார். உறையை அவர் முன் வைத்தேன். பத்தொன்பதாவது பெயருக்குப் பக்கத்தில் நுனி இல்லாத அந்த விரல். அவர் அதைத் தொடவில்லை. தன் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் படித்தேன்," என்றார். "விக்கம் துரை தந்த பள்ளிக்கூடம் என்று வாசலில் பலகை இருந்தது. அப்பா அதைக் கடந்து போகும்போதெல்லாம், 'நாங்கள் கேட்டது' என்பார். நான் படிக்கிற பொடியன். பலகையைத்தான் நம்பினேன், அப்பாவை நம்பவில்லை."

பிறகு மார்கரெட்டைப் பார்த்துக் கேட்டார்: "விக்கம் துரை இதைப் படித்தாரா?"

மார்கரெட் மனுவை வாசித்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு ஆலைத் தொழிலாளர் விக்கமுக்கு எழுதியது. அதன் இரண்டாவது பந்தியில் அந்த வாள் வசனம் சொல்லுக்குச் சொல் இருந்தது.

"பேச்சிலும் இதே வசனம் இருக்கிறது," என்றார் மார்கரெட், தாளைப் பார்த்தபடி. "ஆனால் மனுவில் திகதி இல்லை. துரையின் பேச்சைப் பத்திரிகையில் பார்த்து, பிறகு இவர்கள் எழுதியிருக்கவும் கூடும். இது தனியாகக் கிடக்கிறது. தனியாகக் கிடக்கும் தாளை வைத்து எதுவும் சொல்ல வழியில்லை. மன்னிக்கவேண்டும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. ம்வாலே நன்றி சொல்லி, தொப்பியை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

சாமான் இறக்கும் வாசலில் சிவம் அண்ணையிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீ கழட்டினது ஆருக்கும் தெரியுமோ?"

"இல்லை."

"நிரந்தரமாக எத்தினை நாள் கிடக்கு?"

"ரண்டு கிழமை."

"பிறகென்ன? ரண்டு கிழமைக்கு வாயைப் பொத்திக்கொண்டிரு. அதுக்குப் பிறகு வேணுமெண்டால் ரேடியோவிலையே சொல்லு."

"அந்த மனுசன் கேட்டிட்டுப் போட்டுதண்ணை. வாசிச்சவரோ எண்டு."

"வாசிச்சால் என்ன, வாசிக்காட்டில் என்ன? பள்ளிக்கூடம் வந்ததுதானே."

சிவம் அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "உன்ரை முகத்தைப் பார்க்க, நீ சொல்லத்தான் போறாய். என்னட்டை ஏன்ரா கேட்டனீ, விசரா? போ, காலமை போய்ச் சொல்லு. வேலை போனால் பிறம்ரனிலை என்ரை மச்சானிட்டைக் கேட்டுத் தருவன்."

மறுநாள் காலையில் மார்கரெட்டிடம் சொன்னேன். அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. "வரிசையாகச் சொல்லுங்கள்," என்றார். எந்தப் பெட்டி, எந்தக் கட்டு, மனு முன்பக்கமா பின்பக்கமா, ஊசி எந்த மூலையில். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டபோது, "மரியாதைக்காக" என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பேச்சில் குத்தியிருந்தது?"

"தெரியாது, மிஸ். நான் பெருவிரல்களைத்தான் பார்த்தேன்."

குரல் நன்றாகக் குறைந்தது. "அப்படியானால் தேடுவோம்."

மனுவின் இடது மேல் மூலையில் ஊசி போய் வந்த இரண்டு துளைகள் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கபில நிறக் கறள். மார்கரெட் மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்றை அதன்மேல் வைத்து, துளைகளையும் கறளின் வடிவத்தையும் ஒற்றி எடுத்தார். அதைப் பேச்சு உறையில் இருந்த ஒவ்வொரு தாளின் மேலும் வைத்துப் பார்க்கவேண்டும். விக்கம் எதைக் கண்டாலும் குத்துகிற மனிதர். நூற்றுக்கணக்கான தாள்களில் துளைகள். இரண்டாம் நாள் ஒரு தாளில் துளைகள் அச்சாகப் பொருந்தின. சந்தோஷத்தில் எழும்பிவிட்டேன். ரயில் கட்டணத்தைப் பற்றிய பேச்சு அது. மார்கரெட் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "கறள் பொருந்தவில்லை. இது வேறு ஊசி," என்று தாளைத் திருப்பி வைத்தார். வேண்டும் என்பதற்காக ஒன்றைப் பொருத்தக்கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

மூன்றாம் நாள் மத்தியானம், பள்ளிக்கூடப் பேச்சின் மூன்றாம் தாளில் இரண்டும் பொருந்தின. துளையும் பொருந்தியது, கறளும் பொருந்தியது. ஊசியின் உடல் கிடந்த இடத்தில் ஒரு மெல்லிய கபிலக் கோடும் இருந்தது. பேச்சு முழுவதும் தட்டச்சில் இருந்தது. அந்த வாள் வசனம் மட்டும் தாளின் மேல் ஓரத்தில் விக்கமின் கையால் பென்சிலில் சேர்க்கப்பட்டிருந்தது.

"அந்த வரியைப் பாருங்கள்," என்றார் மார்கரெட். "எழுத்தை அல்ல. வரி போகிற பாதையை."

பென்சில் வரி நேராக வந்து, கபிலக் கோட்டுக்குக் கிட்ட மேலே ஏறி, அதைத் தாண்டியதும் கீழே இறங்கி, மறுபடி நேராகப் போனது. அவர் அந்த வசனத்தை எழுதும்போது ஊசி அங்கே இருந்திருக்கிறது. ஊசி இருந்தால் பின்னால் மனுவும் இருந்திருக்கிறது. மனுவைக் குத்திவைத்துக்கொண்டு, ஊசியைச் சுற்றிப் போய், அவர்களுடைய வசனத்தைத் தன் பேச்சில் எழுதியிருக்கிறார்.

படித்திருக்கிறார்.

மார்கரெட் மறு வாரம் ம்வாலேயையும் எலினோரையும் அழைத்தார். எலினோரைப் பற்றி எனக்குப் பயம். தகப்பனின் நினைவு அட்டையில் போட்ட வசனம் தகப்பனுடையதல்ல என்று எப்படிச் சொல்வது? பெட்டிகளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டால்? மார்கரெட் எதையும் மெழுகவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துளை, கறள், வரி என்று காட்டினார்.

எலினோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பா அதைத் தான் எழுதியதாக ஒருபோதும் சொல்லவில்லை," என்றார் கடைசியில். "நான் அந்த வசனத்தைப் புகழும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவார். அடக்கம் என்று நினைத்தேன்." பிறகு ம்வாலேயிடம், "அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த தேர்தலில் அவரைத் தோற்கடித்துவிட்டார்கள். அவருடைய ஆட்களே. தெரியுமா?" என்றார்.

"தெரியாது," என்றார் ம்வாலே. "எங்களுக்குப் பலகை மட்டும்தான் தெரியும்."

"சொல்லியிருக்கலாம், அவர். எங்களிடமாவது."

"சொல்லியிருக்கலாம்," என்றார் ம்வாலே. அதை லேசாகச் சொல்லவில்லை, ஆனால் கோபமாகவும் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சிரித்தார். "என் அப்பா சட்டநிரூபண சபையில் பேசியிருக்கிறார், பாருங்கள். வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள் அவரை."

பிரதி எடுத்துத் தருகிறோம் என்றோம். தகப்பனின் விரல் இருக்கும் தாளைத்தான் கேட்பார் என்று நான் அதைக் கையில் எடுத்துவிட்டேன். "அது என்னுடைய வீட்டில் இருந்த விரல்தானே, எனக்குத் தெரியும்," என்றார் அவர். "பேச்சின் மூன்றாம் தாளைத் தாருங்கள். வகுப்பில் தொங்கவிடப் போகிறேன்."

அன்று பின்னேரம் மார்கரெட் என் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று என்னை நிரந்தரமாக்கும் படிவம். மற்றது வெறும் தாள். "முதலில் இது," என்று வெறும் தாளைத் தள்ளினார். "என்ன செய்தீர்கள், என்ன அழிந்தது, எப்படி மீட்டோம். பெயரும் கையெழுத்தும். இது அந்த உறையோடு எப்போதும் இருக்கும். நான் போனாலும், நீங்கள் போனாலும்." பென்சிலும் அவரே தந்தார், புதிதாகச் சீவியது. நான் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துவிட்டு, மற்றப் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குப் பிறகு நான் அவரை மார்கரெட் என்று கூப்பிடத் தொடங்கினேன்.

சுபா இதையெல்லாம் வாசித்துவிட்டு உறையைத் திறந்து பார்த்தாள்.

"அப்ப அண்ணா, ரெண்டையும் திருப்பிச் சேர்த்து பின் பண்ணலாம்தானே? உங்கட நோட் இல்லாட்டிலும் விளங்கும்."

"பழைய தாளிலை இனி ஊசி குத்தேலாது. அந்த ஊசியும் இல்லை, நான் குப்பையிலை போட்டிட்டன். இந்தத் தாள் அந்தத் தாளோடைதான் இருந்ததெண்டு சொல்லுறதுக்கு இப்ப இருக்கிறது அந்த நோட் ஒண்டுதான். அதை எடுத்தியெண்டால் மனு பழையபடி தனிய."

அவள் உறையை மூடினாள். எனக்கு மரியாதை செய்யத்தான் அவள் அதை எடுக்கப் பார்த்தாள். நானும் ஒருகாலம் அப்படித்தான் ஊசியை எடுத்தேன். அவளுக்கே விளங்கியிருக்கும்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள். இடையில் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"உங்கட பேர் சரியான நீளம் அண்ணா. இனிஷல் மட்டும் போடட்டோ?"

"முழுசா அடி," என்றேன். "அதிலை முப்பத்தொரு பேரும் முழுசாத்தான் கிடக்கு."